குளக்கரை வளைவில் அறுபது மீட்டர்

தார் ரோட்டுக்கு எமன் தண்ணீர்தான். லாரிக்காரன் இதைச் சொன்னால், தன் பேரில் இருக்கிற பழியைத் தண்ணீர் தலையில் கட்டுகிறான் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கலவை பிளாண்டிலிருந்து ரோட்டு வேலை நடக்கிற இடத்துக்கு, ஜல்லியும் தாரும் கலந்த லோடைக் கொதிக்கக் கொதிக்க ஏற்றிப் போய்க் கொட்டிவிட்டு வருகிறவன் நான். வானம் வெறிச்சென்று கிடந்தாலும் லோடு மேல் தார்ப்பாய் போர்த்தி, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டாமல் வண்டியை ஒரு அடி நகர்த்தமாட்டேன். அதனால் பிளாண்டில் எனக்குத் தார்ப்பாய் என்றே பேர் விழுந்துவிட்டது. என் சொந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்.

பிளாண்டில் எடைமேடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு அறை. சோதனை அறை என்று பலகை மாட்டியிருக்கும். உள்ளே ஒரு தராசு, நாலைந்து சல்லடை, ஒரு காஸ் அடுப்பு, அதன்மேல் ஒரு அலுமினியச் சட்டி. அந்த ஒரு சட்டியை வைத்துக்கொண்டு மொத்தப் பிளாண்டையும் ஆட்டி வைத்தவள் என் தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் தெருவில் அவளுக்கு நாலாவது வீடு, எனக்கு ஏழாவது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் வண்டியில்தான் வந்தாள். "அண்ணே, இறங்கறதுக்கு எதைப் பிடிச்சுக்கணும்?" என்று கேட்டாள். அண்ணே என்றவளைத் தங்கச்சி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அவள் புருஷன் எங்கள் கலவையை ரோட்டில் பரப்புகிற ஆட்களுக்கு மேஸ்திரி. அந்த வழியில் அவன் எனக்கு மாப்பிள்ளை.

அவள் வேலை இதுதான். தார் பூசிய ஜல்லியில் ஒரு கை எடுத்து, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் வேகவிடுவாள். தண்ணீரை வடித்துவிட்டு ஜல்லியைக் காகிதத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். தார் விடாமல் பிடித்திருந்தால் கல் கறுப்பாகவே இருக்கும். கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால் தார் உரிந்து கல் வெளுத்துவிடும். ரோட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க நடக்கிறதை அவள் சட்டியில் பத்து நிமிஷத்தில் நடத்திப் பார்த்துவிடுவாள். நூற்றுக்கு ஐந்து கல்லுக்கு மேல் வெளுத்தால் என் வண்டி கிளம்பக் கூடாது.

எங்கள் பக்கத்துக் குவாரிக் கல் ஒரு மாதிரி. தாரைவிடத் தண்ணீரோடுதான் அதற்குச் சிநேகம். அதற்கு மருந்து நீற்றிய சுண்ணாம்புத் தூள், நூறு பங்குக்கு இரண்டு பங்கு. அதைச் சேர்த்தால்தான் தார் கல்லை விடாது என்று கான்ட்ராக்டரோடு மல்லுக்கு நின்று வழக்கத்துக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். ரோட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறாயா என்று நானே அவளைக் கேலி செய்திருக்கிறேன். அடுத்த மழையில் என் வாய் அடைத்துப் போயிற்று.

சட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. டீசலில் நனைத்த துணியால் துடைத்து, வெறும் தண்ணீரில் ஐந்தாறு தரம் அலச வேண்டும். சோப்போ பாத்திரப் பொடியோ கிட்டே வரக் கூடாது. அந்தச் சட்டத்தை எழுதியவளும் அவளே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளை குளக்கரை ரோட்டைப் போட்டான். ஊருக்குள் நுழைகிற ரோடு, இரண்டு கிலோமீட்டர். ஒரு பக்கம் குளம், மறுபக்கம் மேடு. மேட்டுத் தண்ணீர் குளத்துக்குப் போக ரோட்டுக்கு அடியில்தான் வழி பார்க்கும். அதனால் அங்கே எவன் போட்ட ரோடும் இரண்டாவது மழையைப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை அதைச் சொந்த வீட்டுக்குத் தரை போடுகிறவன் மாதிரி போட்டான். அடித்தளத்தில் முழங்காலிட்டு உள்ளங்கையை அழுத்திப் பார்த்து, ஈரம் தெரிந்தால் மொத்த ஆட்களையும் சும்மா உட்கார வைத்துவிடுவான். ரோலர் ஓடி முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை நடு ரோட்டில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பான். போகிற வருகிறவர்கள் எல்லாம் இவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டார்கள். லோடு கொண்டுபோன நான் எல்லாவற்றுக்கும் சாட்சி. என்னை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ரோட்டை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிற நாள் காலையில் இஞ்சினியர் சோதனை அறைக்கு வந்து, ரோட்டிலிருந்து எடுத்த கல்லைத் தன் கண் முன்னால் வேகவைக்கச் சொன்னார். தங்கச்சிக்கு முதல் நாளிலிருந்து காய்ச்சல். போர்த்திக்கொண்டு வந்து நின்று வேகவைத்தாள். பாதிக்குப் பாதி வெளுத்துவிட்டது. இன்னொரு கை போட்டு வேகவைத்தாள். அதுவும் அப்படியே. தோல்வி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு கிலோமீட்டரையும் சுரண்டி எடுக்க அன்று சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது.

வாங்கின ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து இருவரும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"ஈரக் கல்லு மேல நான் போடுவேனா? நீயே சொல்லு."

"நான் சொல்ல என்ன இருக்கு? சட்டி பொய் சொல்லாதுங்க."

"அப்ப நான் சொல்றதுதான் பொய்."

இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காய்ச்சல் வேறு, காலையிலிருந்து சாப்பிடாதது வேறு, நியாயமாக நடந்துகொண்டோம் என்கிற வீம்பு வேறு. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினான். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய ரோட்டு வேலை ஆரம்பிக்கிறது என்று கேள்விப்பட்டு அதில் போய்ச் சேர்ந்துகொண்டான்.

சுரண்டுகிற மெஷின் இரண்டு கிலோமீட்டரையும் உரித்துக்கொண்டே வந்து, கடைசியில் வளைவுக்குப் பக்கத்தில் பல் உடைந்து நின்றுவிட்டது. அறுபது மீட்டர் பாக்கி. மெஷினை ரிப்பேருக்குக் கொண்டுபோனவர்கள் திரும்பவில்லை. சுரண்டி எடுத்த இடத்தில் வேறு ஆட்கள் மழைக்கு நடுவில் சுண்ணாம்பும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் அவசரத்துக்கு ஒரு ரோட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த ரோட்டைப் பற்றி நான் வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது.

இதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. வீட்டில் மூன்று பேர். தங்கச்சி, பள்ளிக்கூடம் போகிற மகள், பிறகு மாப்பிள்ளையின் அக்கா. தன் புருஷன் தவறிப்போன பிறகு தம்பி வீட்டோடு வந்து, வாசல் அறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள். தம்பி என்றால் உயிர். தம்பி போனதிலிருந்து தங்கச்சியோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. "உங்கம்மாகிட்ட உப்பு தீர்ந்துபோச்சுன்னு சொல்லு" என்பாள். உங்கம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை போன் பண்ணுவான், மகளுக்கு மட்டும். அந்த நேரத்துக்குத் தங்கச்சி எங்கே இருந்தாலும் கூடத்துக்கு வந்துவிடுவாள். கீரை ஆய்வாள், துணி மடிப்பாள், ஒன்றும் இல்லாவிட்டால் மடித்த துணியை உதறி மறுபடி மடிப்பாள். அந்தப் பெண் கெட்டிக்காரி. போனைக் காதில் வைத்துக்கொண்டே, "சாப்டியாப்பா? இருமல் போயிடுச்சா? ஓ, போயிடுச்சா" என்று ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொல்வாள். போனை வைத்ததும் தங்கச்சி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஆரம்பித்த ரோடு எங்கள் ஊரை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. கலவை ரொம்ப தூரம் போனால் வழியிலேயே ஆறிவிடும், அதனால் முதலில் அங்கங்கே இருந்த பிளாண்டிலிருந்து வாங்கினார்கள். மூன்று மாசத்துக்கு முன்னால் வேலை எங்கள் ஊருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் என்று காட்டுகிற கல்லைத் தாண்டியது. அன்றிலிருந்து லோடு எங்கள் பிளாண்டிலிருந்து. ஏற்றிப் போகிறவன் நான். அவள் கையெழுத்துப் போட்ட சோதனைச் சீட்டை அவன் கையில் கொடுக்கிறவனும் நான்.

காலையில் வண்டி கிளம்பும்போது அவள் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவாள். நேற்று எந்தக் கல் வரைக்கும் வந்தார்கள் என்று கேட்பாள். வேலை விஷயமாகக் கேட்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். முப்பத்தொன்று என்பேன், இருபத்தெட்டு என்பேன். "ரோலர் ஓட்டிக்கிட்டு ஊருக்கு வர்ற ஒரே மாப்பிள்ளை இவன்தான்" என்று ஒரு தரம் சொன்னேன். சிரித்துவிட்டாள். உடனே கண் கலங்கிவிட்டது. சல்லடையை எடுத்துத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அவன் என்னமோ ஒழுங்கு என்கிறீர்களா? அங்கே போனால், "இன்னிக்குக் கல்லு எப்படி?" என்று ஒரே கேள்வி. நல்லா இருக்கு என்று சீட்டை நீட்டுவேன். மற்ற மேஸ்திரிகள் சீட்டைப் பார்க்காமலே கணக்காபீஸ் கம்பியில் குத்திவிடுவார்கள். இவன் கையெழுத்தைப் பார்ப்பான், நாலாக மடிப்பான், சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். சீட்டு வரவில்லை என்று ஆபீசில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கேயோ பறந்துவிட்டது என்று பொய் சொல்லிச் சமாளித்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் தூது போகிற என்னிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பமாட்டார்களாம். அப்படி என்னடா வைராக்கியம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

போன வாரம் வேலை குளக்கரைக்கு வந்துவிட்டது. அவசரத்துக்குப் போட்ட ரோடு ஒன்றரை வருஷத்தில் பள்ளம் பள்ளமாகப் பெயர்ந்து, கையால் அள்ளினால் ஜல்லி வெள்ளை வெளேரென்று வந்தது. அதையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு மாப்பிள்ளையின் ஆட்கள் புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வளைவில் இருந்த அந்த அறுபது மீட்டர் மட்டும் இரண்டு மழைக்காலம் பார்த்தும் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. ஆனால் காகிதத்தில் அது தோற்றுப்போன ரோடு. திங்கட்கிழமை மதியம் மெஷின் வந்து அதையும் சுரண்டும் என்று உத்தரவு. சுரண்டிய இடத்தில் புதிதாகப் போட்டுவிட்டு ஆட்கள் எல்லோரும் அடுத்த வேலைக்கு இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போகிறார்கள்.

அவனுக்கு இது தெரியும். "வளைவையும் எடுக்கச் சொல்லிட்டாங்களாமே மாப்ளே" என்றேன். ஆமாம் என்றான். ரோலருக்குப் பின்னால் நடந்து போய்விட்டான்.

வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் வேலை செய்கிறான், வீட்டுக்கு வரவில்லை. ரோட்டோரக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறான். தங்கச்சி அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் வீட்டுக்காரி சொன்னாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்த வளைவு வந்தால் எழுந்து நின்று பார்க்கிறாளாம். தோற்ற கல் எப்படி இப்படிக் கிடக்கும் என்பது அவளை அரித்துக்கொண்டிருந்தது. என்னிடமும் கேட்டாள். எனக்கென்ன தெரியும், நான் தார்ப்பாய் கட்டுகிறவன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக் கொல்லையில் மோட்டார் குழாய் ஒழுகுகிறது என்று பழுது பார்க்கப் போயிருந்தேன். அக்கா ஒரு வாளியில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, சலவைச் சோடாவைப் போட்டு, மகளின் வெள்ளைச் சட்டைகளை ஊறவைத்திருந்தாள். அந்தப் பெண்ணிடம் ஒரு கல் உண்டு. குளக்கரை ரோடு போட்டபோது அப்பா கொடுத்த தார் பூசிய ஜல்லி. உள்ளங்கை அளவு இருக்கும். இரண்டு வருஷமாக ஜன்னலில் வைத்திருந்தாள். அப்பா வந்தாலும் வரலாம், பளபளவென்று இருக்கட்டும் என்று அதைக் கழுவத் தூக்கிக்கொண்டு வந்து, யாருக்கும் தெரியாமல் அந்த வாளிக்குள் போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா ஒரு சட்டையை வெளியே எடுத்தாள். முதுகு முழுக்கக் கறுப்புத் திட்டு. அடிப்பாவி என்று அவள் கத்துவதற்குள் அந்தப் பெண் வாளிக்குள் கையைவிட்டுக் கல்லை எடுத்துவிட்டுச் சூட்டில் கையை உதறினாள். கல் பாதிக்குப் பாதி வெளுத்திருந்தது. அப்பாவின் கல் போய்விட்டது என்று பிள்ளை ஓவென்று அழ ஆரம்பித்தது. ஒரு பக்கம் சட்டைக்கு அக்கா, இன்னொரு பக்கம் கல்லுக்குப் பிள்ளை, நடுவில் ஸ்பானரும் கையுமாக நான்.

சத்தம் கேட்டுத் தங்கச்சி வந்தாள். கல்லை வாங்கிப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். "தண்ணியில என்ன போட்டிருக்கீங்க அண்ணி?" என்றாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் வந்த கேள்வி. அக்கா திணறிப்போய் அவளுக்கே பதில் சொன்னாள். "சோடாதான். என்னமோ புதுசாக் கேக்கறே. உன் சட்டிக்கும் இதைத்தானே போட்டேன்."

"எந்தச் சட்டிக்கு?"

"உன் ஆபீஸ் சட்டிக்குத்தான். நீ காய்ச்சல்ல படுத்துக் கிடந்தியே, அன்னிக்குச் சாயங்காலம் தம்பி தூக்கிட்டு வந்தான். கரி புடிச்சுக் கிடக்குக்கா, நல்லாத் தேய்ச்சுக் குடு, நாளைக்கு என் ரோட்டுக் கல்லு வேகப் போவுது, இஞ்சினியர் வர்றாருன்னான். சோடாவைப் போட்டு ராத்திரி முச்சூடும் ஊறவிட்டேன். காலையில வெள்ளி மாதிரி ஆயிடுச்சு. அவன் எப்படிச் சந்தோஷமா எடுத்துட்டுப் போனான் தெரியுமா?"

தங்கச்சி அப்படியே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மெதுவாகத்தான் பேசினாள், எனக்குச் சொல்கிற மாதிரி. அன்று காலையில் சட்டி பளபளவென்று இருந்ததாம். யாரோ வெளிப்பக்கம் மணல் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று நினைத்தாளாம். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததாம். பிளாண்டுத் தண்ணீர் எப்போதும் உப்புப் படியவிடும், அதுதான் என்று விட்டுவிட்டாளாம். இஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், தலை சுற்றியது, ஐந்தாறு தரம் அலச வேண்டியதை அலசவில்லை. இரண்டாவது கையையும் அதே தண்ணீரிலேயே போட்டு வேகவைத்தாள். சோடாத் தண்ணீரில் வெந்தால் எந்தத் தாரும் உரியும் என்பது அவள் படித்த பாடம்தான்.

"அப்ப நான் கழுவினதாலயா தம்பி போனான்?" என்றாள் அக்கா. முகம் வெளிறிவிட்டது.

"நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி. கழுவச் சொன்னாரு, கழுவினீங்க. பார்க்க வேண்டியவ நான். பார்த்தேன், பார்த்துட்டும் விட்டுட்டேன்."

அதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். தங்கச்சியை இரண்டு வருஷம் சுவராக நினைத்துப் பேசியவள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டாள். வேலை போய்விடும், உன் கையெழுத்துக்கு மரியாதை இருக்காது, இத்தனை நாள் உன்னிடம் தோற்ற கான்ட்ராக்டர்கள் எல்லாம் உன்னைத் தின்றுவிடுவார்கள் என்றாள். அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. தம்பி தானாக வருகிறபோது வரட்டும் என்றாள்.

"நாளைக்கு மதியம் வளைவைச் சுரண்டிடுவாங்க அண்ணி," என்றாள் தங்கச்சி. "அவர் போட்டதுன்னு சொல்லிக்க அது ஒண்ணுதான் மிச்சம்."

அன்று பொழுது சாய்வதற்குள் சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு நானும் தங்கச்சியும் வளைவுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலை இல்லை. ஆட்கள் சந்தைப் பக்கம் போயிருந்தார்கள். ஓரமாக ஒரு துண்டு பெயர்த்தோம். பெயர்த்தோம் என்று சொல்வது சுலபம், என் தோள்பட்டை கழன்றுவிட்டது. அப்படி இறுகிக் கிடந்தது. பெயர்த்த பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு வரவும் அவள் விடவில்லை. தாரும் பொடி ஜல்லியும் கலந்து அடைத்து மட்டமாக இடித்த பிறகுதான் நகர்ந்தாள். மழை வந்தால் அந்தச் சின்னப் பள்ளத்து வழியாகத்தான் உள்ளே இறங்கும் என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இஞ்சினியர் வந்ததும் அவரை அறைக்கு அழைத்தாள். இரண்டு அடுப்பு மூட்டினாள். புதுச் சட்டியில் வெறும் தண்ணீர், பழைய சட்டியில் ஒரு சிட்டிகை சோடா. வளைவுக் கல்லைச் சூடுபண்ணி உதிர்த்து இரண்டிலும் ஒவ்வொரு கை போட்டாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் வெந்தது. புதுச் சட்டிக் கல் காக்காய்க் கறுப்பாக வந்தது. பழைய சட்டிக் கல் வெளுத்து வந்தது. எழுதி வைத்திருந்த கடிதத்தை அவரிடம் கொடுத்தாள்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. கடிதத்தை இரண்டு தரம் படித்தார். முதலில் போன் போட்டு, மெஷின் வர வேண்டாம், வளைவு அப்படியே இருக்கட்டும் என்றார். பிறகு, விசாரணை முடிகிற வரைக்கும் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவள் பக்கத்திலிருந்த சோதனைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். பதினோரு வருஷமாக அவள் எழுதிய புத்தகம். அன்றைய லோடுக்கான சீட்டில் அவரே கையெழுத்துப் போட்டார்.

நான் தார்ப்பாய் கட்டி முடித்து வண்டியைக் கிளப்பினபோது அவள் பழைய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினாள். மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் வானம் மூடிக்கொண்டு வந்தது. ஒரு தரம் மட்டும், "மழைக்கு முன்னாடி போயிடுவோமா அண்ணே?" என்று கேட்டாள். போய்விடலாம் என்றேன். அவளை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஹார்னை வேண்டாத இடத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போனேன்.

குளக்கரையில் ஆட்கள் தயாராக நின்றார்கள். வளைவு தொடங்குகிற இடத்துக்குக் கிட்டே வரைக்கும் புது ரோடு வந்துவிட்டது. நடுவில் நாலு மீட்டர்தான் பாக்கி. என் லோடு அதற்குத்தான். மாப்பிள்ளை கொம்பும் நூலுமாகக் குனிந்து நின்றவன் நிமிர்ந்து வந்தான். வண்டிக் கண்ணாடியில் வானம் தெரிந்திருக்கும், உள்ளே யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் இறங்கிச் சீட்டை நீட்டினேன்.

"கல்லு எப்படி?" என்றவன் சீட்டைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"அவ கையெழுத்து எங்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் தோளைப் பிடித்துவிட்டான். "உடம்புக்கு ஏதாவதா? காய்ச்சலா? சொல்லு மாமா."

இரண்டு வருஷம் விழுங்கி வைத்திருந்தது ஒரு கையெழுத்து இல்லை என்றதும் வெளியே வந்துவிட்டது. பின்னால் வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சட்டியோடு இறங்கத் தெரியாமல் இறங்கி வந்து அவன் முன்னால் நின்றாள்.

ஆட்கள் எல்லோரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். அவள் அவர்களை அப்பால் போகச் சொல்லவில்லை. அவனைத் தோற்றவன் என்று எழுதியது ஊருக்கே தெரியும், அதனால் இதையும் ஊர் கேட்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"உங்க ரோட்டுல தப்பு இல்லை. சட்டியில சோடா இருந்துச்சு. அடியில வெள்ளையாத் தெரிஞ்சுது, பார்த்தேன். அலசாமக் கொதிக்க வச்சேன். ரெண்டாவது தடவையும் அதே தண்ணி. சட்டி பொய் சொல்லாதுன்னு சொன்னேன். நீங்க பொய் சொல்லலைன்னு சொல்லியிருக்கணும். இஞ்சினியர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். வளைவைச் சுரண்ட மாட்டாங்க."

அவன் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். யார் கழுவியது என்று கேட்பான், கேட்டால் இவள் என்ன சொல்வாள் என்று நான் தவித்தேன். அவன் கேட்கவில்லை. அவனே, "நான்தானே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன்," என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "பளபளன்னு இருக்கணும்னு நினைச்சேன்."

அவள் அழுதாள். அவன் ஒரு அடி எடுத்து வைத்தான், நின்றான். தார் படிந்த கையை அப்படியும் இப்படியும் பார்த்தான். ஒரு சொட்டு மழை சட்டியில் விழுந்து டங்கென்றது.

"லோடு ஆறுது," என்றான்.

அடப்பாவி, இப்போதா என்று எனக்கு வந்தது. ஆனால் அவன் சொன்னதும் நியாயம். தார்ப்பாயை அவிழ்த்தேன், கொட்டினேன். பழைய வளைவின் விளிம்பை நேராக வெட்டி, தூசி தட்டி, தூரிகையால் அவனே அதன் முகத்தில் தார் பூசினான். புதுசும் பழசும் சேர்கிற இடத்தில்தான் தண்ணீர் இறங்கும், அதனால் அதை மட்டும் அவன் யாரிடமும் விடமாட்டான். கலவையைப் பரப்பி, விளிம்பில் கைக்கட்டையால் இடித்து, ரோலரை முன்னும் பின்னும் விட்டான். அவள் ரோட்டோரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தூறல் வலுப்பதற்குள் முடிந்துவிட்டது. அவன் ஒரு குடம் தண்ணீரை எடுத்துவந்து அந்தச் சேர்மானத்தின் மேல் ஊற்றினான். குந்தி உட்கார்ந்தான். தண்ணீர் ஒரு கணம் தயங்கி, ஓரத்துக்கு ஓடிக் குளத்துப் பக்கம் இறங்கியது. அவளும் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

நான் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். அவள் ஏற வந்தபோது பின்னாலேயே வந்தான். ஏறட்டும் என்று நின்றவன், சட்டியைக் காட்டிக் கையை நீட்டினான்.

"அதைக் குடு."

"எதுக்கு?"

"கழுவணும். வெறுந்தண்ணியில." நீட்டிய கையை இறக்கவில்லை. "நானே கழுவி எடுத்துட்டு வரேன்."

கொடுத்தாள். வீடு வந்து சேர்கிற வரைக்கும் வெறும் மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை போனாலும் போகலாம்.

வாசலில் அக்கா தையலை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். முகத்தைப் பார்த்தாள், பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள், கையைப் பார்த்தாள். சட்டி எங்கே என்று கேட்டாள்.

"அவர் கழுவி எடுத்துட்டு வரேன்னாரு அண்ணி."

அக்காவுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அவனுக்கு எங்கே ஒழுங்காக் கழுவத் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கி, மழையில் நனைந்துகொண்டு தெருமுனை வரைக்கும் போய் நின்றாள். தங்கச்சியும் போய்ப் பக்கத்தில் நின்றாள். எனக்கு இன்னொரு லோடு இருந்தது. வண்டியை அணைத்துவிட்டு நானும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.